கதவில் நாற்பத்தியொன்று

மஞ்சள் மூட்டை ஏற்றுகிற டெம்போவில் வந்து இறங்கியது,
டயரிலெல்லாம் மஞ்சப்பொடி.
ரெண்டே பேர் உட்காரும் சிவப்பு சான் ஸ்டார்ம்,
இருபத்திரண்டு வயசு, பேட்டரி செத்து நாலு மாசம்.

"ஞாயித்துக்கெழம பாக்க வர்றாங்க.
புதுசாட்ட இருக்கோணும்ங்க."
சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார் கமலவேணியம்மா.
மாப்பிள்ளை வீடு இல்லை,
திருப்பூரில் ஒரு பார்ட்டி.

கணபதியில் ஃபவுண்டரிக்கு எதிர் வாசல் அவர் வீடு.
மருந்தை அடித்துவிட்டு ஓரமாய் நின்றோம், நானும் சாதிக்கும்.
பெயின்டுக்குள் குத்தி உட்கார்ந்திருந்த இரும்பு
கத்திரிப்பூ நிறத்தில் கசிந்து
கதவு வழியே இறங்கியது.
ஊருக்கெல்லாம் பம்புசெட் வார்த்ததில்
சிதறினது இது.

கடைசி அலசலுக்குச் சிறுவாணி.
போர்த்தண்ணி என்றால் காய்கிற இடத்திலெல்லாம்
உப்பு வட்டம் போட்டுவிட்டுப் போகும்.
துடைத்தபோதுதான் சாதிக் டார்ச்சைச் சாய்த்து,
"அண்ணா, இங்க வாங்க" என்றான்.

வெளுத்த கதவில்
வெளுக்காத ஒரு நாற்பத்தியொன்று.

போன் போட்டேன்.
"எது?"
குக்கர் ரெண்டு விசில் விட்டது.
"அதுவா.
செட்டிபாளையம் டிராக்குல ஒருக்கா ஓட்டுனனுங்க.
பதினோராவது வந்தேன்.
ஓடுனதே பதினொரு வண்டி."
சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.
"அது தெரியாமப் பண்ணீருங்க.
டிராக் வண்டின்னா வெலையக் கொறைப்பாங்க.
ஸ்டிக்கர நான் அப்பவே உரிச்சிருக்கோணும்.
போன தையிலதான் உரிச்சேன்."

தெரியாமல் பண்ண என்ன வழி?
சுரண்டினால் போகிற அழுக்கில்லை அது.
வண்டி கம்பெனியை விட்டு வந்த அன்றைக்கு
என்ன சிவப்போ அந்தச் சிவப்பு.
மற்றதெல்லாம்தான் மாறிவிட்டது.

பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டரை வைத்தேன்.
ஊமையாய் இருந்தது.
அது தகரத்தோடு மட்டும் பேசும், இது ஃபைபர்.
இன்னும் எவ்வளவு மிச்சம் என்று
விசாரிக்க ஆளில்லை.
தகரம் சூட்டை நாலு பக்கம் பரத்திவிடும்,
ஃபைபர் வாங்கின இடத்திலேயே வைத்திருக்கும்,
என் மச்சினன் கோபத்தை வைத்திருக்கிற மாதிரி.
ஒரு கணம் அசந்தால் வெள்ளை எட்டிப் பார்க்கும்,
அப்புறம் யாரிடம் போய்ச் சொல்ல?

நாலு இழுப்பு. நிறுத்து.
புறங்கையை வைத்துப் பார்.
மறுபடி நாலு.
பேட் செக்கச்செவேல் என்று ஆனது.
எண்ணைத் தொடவே இல்லை,
அதைச் சுற்றி, பிறகு அதன் வளைவுக்குள்,
நாலின் கூர்முனை வரைக்கும்
வெளுப்பை மட்டும் எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றேகாலுக்கு
நாலு எங்கே என்று சாதிக்கைக் கேட்டேன்.
தேடினான்.
கதவு முழுக்க ஒரே சிவப்பு.
வண்டி மொத்தமும் நாற்பத்தியொன்றின் நிறத்துக்கு
வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிறு. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து
ஸ்பின்னிங் மில் பஞ்சைக் கொண்டுவந்து போடுகிறது,
மெழுகு காயுமுன் ஊதி ஊதி விரட்டுகிறோம்.
திருப்பூர்க்காரர் முன்னமே வந்து
பானெட்டைத் தட்டிப் பார்த்தார், டயரைக் குறை சொன்னார்.
கதவை அவர் பார்க்கவில்லை.
கமலவேணியம்மா கதவை மட்டும் பார்த்தார்.
குனிந்து, தலையைச் சாய்த்து,
வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு தரம்.
தொடவில்லை.

"பெட்ரோல் இல்லீங்க. சித்த போட்டுட்டு வந்தர்றேன்."

பங்க் அடுத்த திருப்பத்தில்தான்.
திருப்பூர்க்காரர் ரெண்டாவது டீயும் குடித்துவிட்டார்.
மணி பதினொன்று ஆகிறது.
"எங்க போச்சு அந்தம்மா?" என்கிறார் என்னைப் பார்த்து.

நான் பேடை அலசிக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாவது வாளி.
இன்னும் சிவப்பாய்த்தான் வருகிறது தண்ணி.